கை இறங்கின பிறகு

கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தால் போதும், பிணத்துக்கு வேறென்ன வேலை என்றுதான் அம்பலவாணன் நினைத்திருந்தார். மூடின கண்ணுக்குள்ளே இவ்வளவு வெளிச்சம் இருக்கும் என்று யார் கண்டது. மேலே வரிசையாகத் தொங்கும் ஸ்டுடியோ விளக்குகள் இமையைத் தாண்டி உள்ளே வந்து ஆரஞ்சு நிறமாகப் பரவியிருந்தன. மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றியில் ஒற்றை ரூபாய், கழுத்தில் ஈரம் சொட்டும் சாமந்தி மாலை, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய நூல். ஊரெல்லாம் அறிந்த அழுமூஞ்சி அம்பலவாணன் பெஞ்சு மேல் செத்துக் கிடக்கிறார், சுற்றிலும் சொந்தக்காரர்கள், எதிரே ஹால் நிறைய ஜனம், நடுவில் கேமராக்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம், வீடுகளில் கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்தில் 'சிரிப்புச் சந்தை' நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது. நேரலை என்றால் நேரலைதான். இங்கே தும்மினால் தும்மல் மதுரைக்கும் போகும், மலேசியாவுக்கும் போகும். கண்ணோரம் ஒரு சொட்டு வந்தால் அதுவும் போகும். அதற்குப் பயந்துதான் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, பிணம் எங்கேயாவது பல்லைக் கடிக்குமா என்று தளர்த்திக்கொண்டு, மறுபடி கடித்துக்கொண்டு கிடந்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை அழாமல் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே என் ராசா" என்று ஜெயசீலன் மார்பில் அடித்துக்கொண்டான். ஜெயசீலன் நல்ல உயரம், தோள் இரண்டும் கதவு அகலம், ஆனால் புடவை கட்டிக்கொண்டு வந்தால் அவனைப் போல ஒரு பெண்டாட்டி எந்த சேனலிலும் கிடையாது. இந்த நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து இவர்தான் புருஷன், அவன்தான் மனைவி. இன்றைக்கு அவன் விதவை. கதை இதுதான்: செத்துப்போனவர் டிவிப் பைத்தியம், பெண்டாட்டி அவரையும் மிஞ்சிய பைத்தியம். கால்மாட்டில் டிவி ஓடுகிறது, அவளுடைய சீரியல் நேரம். விளம்பரம் வந்தால் ஒப்பாரி, விளம்பரம் முடிந்தால் கப்சிப். "யாருடி அங்க மூக்கைச் சிந்துறது? மாமியார்க்காரி பால்ல எதையோ கலக்குறா, ஒரு நிமிஷம் சும்மா இருங்க" என்று துக்கத்துக்கு வந்தவர்களை ஜெயசீலன் அதட்ட, ஹால் குலுங்கியது. கடைசியில் மகனாக வரும் கிஷோர் பொறுக்கமாட்டாமல் டிவியை அணைத்துவிடுவான். டக் என்று ஒரு சத்தம். உடனே பிணம் எழுந்து உட்கார்ந்து, "பாத்துக்கிட்டுதானே இருக்கேன், எதுக்குடா ஆஃப் பண்றே?" என்று கேட்க வேண்டும். எல்லார் வீட்டிலும் ஓர் அப்பா இப்படித்தான் குறட்டை விட்டுக்கொண்டே டிவி பார்க்கிறார், ஜனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறார்கள். எழுதினவன் கெட்டிக்காரன். அவன் மேல் தப்பே இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும், யாருக்குத்தான் தெரியும், அம்பலவாணன் யாரிடமாவது சொல்லியிருந்தால்தானே.

தானாக வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதுதான் இது. சாவு வீட்டு நாடகம் என்றதும் அழுகிற வேஷத்தை அவருக்கு வைத்திருந்தார்கள். பின்னே, அழுமூஞ்சி அம்பலவாணனுக்கு வேறு எதை வைப்பார்கள். பெண்டாட்டி மங்கை போய் மூன்று மாதம் ஆகப்போகிறது, முதல்முதலாக மறுபடி மேடை ஏறுகிறார், எடுத்த எடுப்பில் அழ வேண்டுமா என்று பதறிப்போய், கதையை முழுக்கக் கேட்காமலே, "நான் பிணமாப் படுத்துக்கறேன்பா, அழற வேஷத்தை கிஷோருக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார். "அண்ணே, நீங்க அழாம ஒரு சாவு வீடா?" என்று எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் முடிவைப் படித்தார்கள். மாற்றச் சொல்லலாம், மாற்றியும் கொடுப்பார்கள், ஆனால் ஏன் என்று கேட்பார்களே. ஒத்திகையிலும் தப்பித்துக்கொண்டார். இந்தக் குழுவில் ஒரு வழக்கம், பழைய நாடகக் காலத்திலிருந்து வருவது: கடைசி வரியை ஒத்திகையில் யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது, சொன்னால் ஊசிப்போகும் என்பார்கள். அந்த இடம் வந்ததும் இரண்டு தட்டு தட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அவரும் பெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார். நேற்று இரண்டு தரம், இன்று காலை ஒரு தரம். ஆக, அந்த வரி அவர் வாய்க்கு இன்னும் வரவே இல்லை. வரும்போது என்னவாக வரும் என்று அவருக்கே தெரியாது.

இதோ கிஷோர் அழ ஆரம்பித்துவிட்டான். "ஹெ... ஹெ... ஹெங்... ஹெ... ஹெங்." ஸ்டார்ட் ஆகாத பைக்கை உதைத்து உதைத்துப் பார்க்கிற மாதிரி ஓர் அழுகை. உதைத்து உதைத்துக் கடைசியில் பிடித்துக்கொண்டு கிறீச்சென்று மேலே போகும். ஹால் சிரித்தது. பரவாயில்லை, நன்றாகவே செய்கிறான், மூன்றாவது உதையில் மட்டும் மூச்சை இழுக்க மறந்துவிடுகிறான். அது அம்பலவாணனின் அழுகை. பள்ளிக்கூடப் பிள்ளைகளெல்லாம் செய்து காட்டுகிற அழுகை. செல்போனில் மணியாகக்கூட வைத்திருக்கிறார்கள். அவர் யோசித்து உண்டாக்கியது என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார், அது பொய். அவருக்கு அழுகை அப்படித்தான் வரும். கல்யாணமான புதிது, வடபழனியில் ஒரே அறை வீடு, அந்த வாரம்தான் ஒரு நாடகக் கம்பெனியில் மூஞ்சி சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு அழுகை வந்துவிட்டது. பெண்டாட்டி முன்னால் முதல் அழுகை. மங்கையர்க்கரசி என்று பெரிய பேர் வைத்துக்கொண்டு திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த அந்த ஒல்லிப் பெண் கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் திகைத்து நின்றாள், அப்புறம் வாயைப் பொத்தினாள், அப்புறம் முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு. "கோவிச்சுக்கிடாதீய. சத்தியமா எனக்கும் அழுகதான் வருது. ஆனா இத மேடையில செஞ்சுபாருங்க, சனம் உருண்டுரும்." இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் செய்து பார்த்தார். சனம் உருண்டது. அன்றிலிருந்து சாப்பாடு அந்த அழுகைதான், வீடு அந்த அழுகைதான், மங்கையின் ஆபரேஷன்கூட அந்த அழுகைதான்.

கால் விரல் அரிக்கிறது. நூலை இறுக்கிக் கட்டிவிட்டார்கள், கலைத்துறைப் பையன்களுக்கு எல்லாம் அசலாக இருக்க வேண்டும். கண்ணாடி ஐஸ் பெட்டி வைப்பதாகத்தான் இருந்தது, விளக்கு வெளிச்சம் அடித்துக் கண்ணைக் கூசும் என்று கேமராக்காரர் வேண்டாமென்றுவிட்டார். அந்த மட்டில் நல்லது. மங்கைக்கு வைத்த பெட்டியில் கண்ணாடி பனி படிந்து படிந்து மங்கும், யாராவது துண்டால் துடைப்பார்கள், முகம் தெரியும், மறுபடி மங்கும். கால் நூல் பக்கத்து விரல் மெட்டியில் சிக்கிச் சிக்கி வந்தது, அவள் அண்ணி மெதுவாகத் தள்ளித் தள்ளிக் கட்டினாள். அதைப் பார்த்தபோதுதான் அவருக்கு வந்தது. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார், ஹெ, என்றார், ஹெ, ஹெங். அவருக்கு இருப்பதே அந்த ஒரு அழுகைதான், வேறு வைத்திருந்தால் அதை அழுதிருப்பார். மாடி வீட்டுப் பெண் குழந்தை ஒன்று கிளுக்கென்று சிரித்தது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். பொத்திய அம்மாவின் தோள் குலுங்கியது. அப்புறம் அந்த வரிசை முழுக்கத் தோள்கள். கெட்டவர்கள் இல்லை, ஒருத்தர்கூடக் கெட்டவர் இல்லை, ராத்திரியெல்லாம் கூட இருந்தவர்கள், கண்ணில் தண்ணீர் வழிய வழியத்தான் சிரித்தார்கள், அவர்களால் அடக்க முடியவில்லை. மூன்றாவது உதையில் அவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்தினது நின்றதுதான். சுடுகாட்டில் வரவில்லை, காரியத்தன்று வரவில்லை, அவளுடைய புடவைகளை மடித்து வைத்தபோது வரவில்லை. வந்தால் அந்தக் கிளுக் கேட்கும். மங்கைக்காக அழுகிற அழுகைக்கு இன்னொரு தரம் ஒருத்தர் சிரித்தால் அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான், அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

சிரிப்பு நின்றது. அப்படி என்றால் தேவகி கையை இறக்கிவிட்டாள். பார்வையாளர்களைத் திரட்டிக்கொண்டு வந்து உட்கார வைப்பது தேவகியின் வேலை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று கையைத் தூக்குவாள், ஹால் சிரிக்கும், இறக்குவாள், நின்றுவிடும். சிரிப்பு வந்தவர்களும் சிரிப்பார்கள், வராதவர்களும் சிரிப்பார்கள், நிகழ்ச்சி முடிந்தால் பிரியாணிப் பொட்டலம். அந்தக் கைக்குக் கட்டுப்படாத ஒரே ஆள் மங்கைதான். ஒவ்வொரு ஞாயிறும் மூன்றாவது வரிசை ஓரத்தில் உட்கார்ந்திருப்பாள். எல்லோரும் சிரித்து, கை இறங்கி, ஹால் அடங்கின பிறகு, தனியாக ஒரு சிரிப்பு வரும், சின்னதாக, பெருமூச்சு மாதிரி. "அக்கா, கை இறங்கின பிறகு சிரிக்காதீங்கக்கா, டைரக்டர் என்னைத் திட்டுறாரு" என்று தேவகி கெஞ்சிப் பார்த்தாள். "நான் என்ன செய்ய தாயி, இவிய சொல்றதுக்குச் சனம் சிரிக்குமோ சிரிக்காதோன்னு எனக்கு வயித்தக் கலக்கும். எல்லாரும் சிரிச்சு முடிச்சாத்தான் எனக்குச் சிரிப்பே வரும்." அந்தச் சிரிப்புக்காக அவர் நிற்பார். அது வந்த பிறகுதான் அடுத்த வரி. பத்திரிகைகளில் அதை அம்பலவாணனின் டைமிங் என்று எழுதினார்கள், ஒருத்தர் அரைப் பக்கம் எழுதியிருந்தார். மங்கையிடம் படித்துக் காட்டினார். "அப்படியா, என்னமோ" என்று வெங்காயத்தை நறுக்கினாள். இன்று மேடைக்கு வரும்போது பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்துவிட்டார். அந்த நாற்காலியில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். காலி நாற்காலியைக் கேமராவுக்குப் பிடிக்காது.

டிவியில் விளம்பரம் முடிந்துவிட்டது, ஜெயசீலன் கப்சிப். இனி கிஷோர் நான்கு வரி பேசுவான், அப்புறம் டக். வரியை மனசுக்குள் சொல்லிப் பார்க்கலாமா, வேண்டாம், சொன்னால் அவள் குரலில்தான் வருகிறது. எத்தனை வருஷமாக அந்தக் குரல். மதியச் சாப்பாடு முடிந்ததும் டிவி முன்னால் பாயைப் போட்டு ஒருக்களித்துப் படுப்பாள், இரண்டு நிமிஷத்தில் தூங்கிவிடுவாள், இவர் பூனை மாதிரி வந்து அணைப்பார், அணைத்த கை எடுப்பதற்குள், "பாத்துக்கிட்டுதான இருக்கேன், எதுக்கு அமத்துதீய?" கண் திறக்காது. "கண்ணு மூடியிருக்கு, எதால பாக்கறே?" "காதால பாக்கேன், போடுங்க." போடுவார். மறுபடி தூங்கிவிடுவாள். ஆஸ்பத்திரி அறையிலும் சுவரில் ஒரு டிவி. அன்று மதியமும் ஏதோ சமையல் நிகழ்ச்சி, யாரோ ஒருத்தி கத்திரிக்காயை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள். மங்கை கண்ணை மூடியிருந்தாள். தூங்கட்டும் என்று அணைத்தார். கையை எடுக்காமல் நின்றார், அவள் சொல்வதற்காக, சிரிக்கத் தயாராக. சொல்லவில்லை. மறுபடி போட்டார். கத்திரிக்காய் பொரிந்தது. மறுபடி அணைத்தார். மங்கை, என்றார், அமத்திட்டேன் பாரு. அப்புறம்தான் மணியை அழுத்தினார். நர்ஸ் வருவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது, டாக்டருக்கு முன்பே, மெஷினுக்கு முன்பே. யாரிடம் சொல்வது இதை. என் பெண்டாட்டி போய்விட்டதை நான் டிவியை அணைத்துத் தெரிந்துகொண்டேன் என்று எந்த வாயால் சொல்வது. நகைச்சுவை மாதிரி இருக்கிறது.

டக்.

கத்திரிக்காய்ச் சத்தம் நின்றது, சீரியல் சத்தம், எதுவோ ஒன்று நின்றது. அம்பலவாணன் காத்துக்கொண்டு கிடந்தார். சொல்வாள். இதோ சொல்லிவிடுவாள். ஹால் முழுக்க அமைதி, எங்கேயோ ஏசி ஓடுகிறது, யாரோ செருமுகிறார்கள், அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார், சொல்ல வேண்டிய ஆள் இன்றைக்குத் தாம்தான் என்பது அவர் நினைவிலேயே இல்லை. ஜெயசீலன் ஒரு நொடி பார்த்தான், இரண்டு நொடி பார்த்தான். நேரலையில் இரண்டு நொடி என்பது பெரிய கிணறு. "டேய், அவசரப்பட்டு அணைச்சிட்டியே" என்று கிஷோர் பக்கம் திரும்பினான். "திரும்பப் போட்டு, திரும்ப அணைடா. அப்பவாவது உங்கப்பன் எந்திரிக்கிறாரா பாப்போம்." ஹால் சிரித்தது. டிவி மறுபடி பாடியது. ஐயோ ஜெயசீலா, அதை மட்டும் செய்யச் சொல்லாதே, போட்டு அணைத்தாலும் எழுந்திருக்க மாட்டாள், நான் பார்த்துவிட்டேன். டக். அவர் எழுந்து உட்கார்ந்தார். நெற்றிக் காசு கீழே விழுந்து உருண்டது. எதிரே கேமராவின் சிவப்பு விளக்கு, அதற்கு அந்தப் பக்கம் இருட்டு. வாயைத் திறந்தார். "பாத்துக்கிட்டுதான இருக்கேன்," என்றார், "எதுக்கு அமத்துதீய?"

எழுதிக் கொடுத்தது அதுவல்ல. செத்துப்போன அப்பா பெற்ற மகனிடம் இவ்வளவு மரியாதையாக, பெண்பிள்ளைக் குரலில், திருநெல்வேலித் தமிழில் கேட்டதும் ஹால் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. தேவகி கையை அப்போதுதான் தூக்கினாள், கைக்கு முந்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் பழக்கப்படி காத்திருந்தார். எல்லோரும் சிரித்து முடிக்கட்டும், அப்புறம் மூன்றாவது வரிசை ஓரத்திலிருந்து அது வரும், வந்த பிறகு போகலாம். காத்திருந்தார். கட்டம் போட்ட சட்டைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். ஹெ, என்று வந்தது. அடக்கினார். ஹெ. தாடைக்கட்டுத் துணியை வாயோடு சேர்த்து அழுத்திக்கொண்டார், ஹெங், அதுவும் அழுத்தத்தைத் தாண்டிக்கொண்டு வெளியே வந்தது. ஹாலுக்குப் புதையல் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. அழுமூஞ்சி அம்பலவாணன் அழுகிறார், பிணம் எழுந்து உட்கார்ந்து அழுகிறது, மூன்று மாதமாகப் பார்க்காதது. விசிலடித்தார்கள். டைரக்டரின் உதவியாளர் கையைச் சுழற்றிச் சுழற்றி, விடாதீங்க, விடாதீங்க என்று ஜாடை காட்டினார். இரண்டாவது உதையிலேயே ஜெயசீலனுக்குப் புரிந்துவிட்டது. அவன் அன்று மங்கையின் ஐஸ் பெட்டிக்கு மறுபக்கம் நின்றவன். "என் ராசா" என்று அலறிக்கொண்டு பாய்ந்து அவர் தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டான், முந்தானையை எடுத்து முகம் முழுக்கப் போர்த்தினான், கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, "எந்திரிச்சிட்டியே என் ராசா, இனி எனக்கு எந்த சீரியல் வேணும்" என்று அவர் சத்தத்தை மூடும்படி பெருங்குரலில் ஒப்பாரி வைத்தான். நைலான் புடவைக்குள் பவுடர் வாசனை. கழுத்தருகே குனிந்து, "அழுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றான். அந்தக் குரல் பெண்டாட்டிக் குரல் இல்லை.

அவர் அழுதார். மூன்றாவது உதையைத் தாண்டினார், பிடித்துக்கொண்டது, கிறீச்சென்று மேலே போனது. முந்தானைக்கு வெளியே சிரித்துக்கொண்டிருந்தார்கள். மங்கை, இவர்கள் சிரிக்கிறார்கள், நீ பயப்படாதே, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முடிவு இசை வந்தது, பெயர்கள் ஓடி முடிந்தன, சிவப்பு விளக்கு அணைந்தது. தேவகி கையை இறக்கினாள். சிரிப்பு நின்றது. பிரியாணிப் பொட்டலத்துக்கு எழுந்தவர்கள் எழுந்த இடத்திலேயே நின்றார்கள், ஏனென்றால் நிகழ்ச்சி முடிந்த பிறகும் முந்தானைக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜெயசீலன் ஒப்பாரியை விட்டுவிட்டான், விக்கைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். கிஷோர் கால்மாட்டில் உட்கார்ந்து விரல் நூலை அவிழ்த்தான். எல்லோரும் சிரித்து முடித்து, கையும் இறங்கி, ஹால் அடங்கின பிறகு, மங்கை சிரிக்கிற அந்த இடத்தில் அம்பலவாணன் அழுதுகொண்டிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.